அனுப்பியாச்சு என்றது பெட்டி

மார்ச் 18, செவ்வாய்

குஞ்சு இறங்கியது. பன்னிரண்டாயிரம். உள்ளங்கைக்குள் அடங்குகிற மஞ்சள் உருண்டைகள். முதல் நாள் பார்க்க அழகாகத்தான் இருக்கும், கல்யாணத்தன்று என் வீட்டுக்காரர் இருந்த மாதிரி. இதை அவரிடமே சொன்னேன். “வேலையப் பாரு பூவா” என்றார், என் பேரையும் சேர்த்து. சென்னியப்பன் அவர்களின் நீளமான பேச்சுகளில் இது ஒன்று.

டைரி தீவனக் கம்பெனி கொடுத்தது. செத்தது எத்தனை, தின்ற தீவனம் எவ்வளவு, வெக்கை என்ன என்று கோழிக் கம்பெனியின் கார்டில் தினமும் நான்தான் எழுதுகிறேன். நாலாவது வரைக்கும் படித்தவளுக்கு அதுவே பெரிய உத்தியோகம். ஆனால் கார்டில் வீட்டுக்காரரைக் குறை சொல்ல இடம் விடவில்லை. அதனால் இதில் எழுதுகிறேன்.

குஞ்சு கம்பெனியுடையது, தீவனமும் கம்பெனியுடையது. ஷெட்டும் பாடும் எங்களுடையது. வளர்த்துக் கொடுத்தால் கூலி. எங்களுடையது மூடின ஷெட்டு, ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் ஆள் உயரத்துக்கு ஃபேன்கள், மறு கோடியில், உள்ளே வருகிற காற்றைக் குளிரவைக்க, தண்ணீர் வழிகிற பேட். வெக்கை ஏற ஏற எத்தனை ஃபேன் ஓட வேண்டும் என்று சுவரில் இருக்கிற பெட்டி பார்த்துக்கொள்ளும்.

இன்றைக்குப் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி மாட்டினார்கள். இதற்குள் சிம் கார்டு இருக்கிறது. கோயமுத்தூரில் கம்பெனி ஆபீஸ் கம்ப்யூட்டரோடு இது பேசிக்கொண்டே இருக்குமாம். ஷெட்டு வெக்கையை அங்கே சொல்லும், அங்கிருந்து உத்தரவு வந்தால் வாங்கிக்கொள்ளும். ஆபத்து என்று சேதி போனால், அங்கிருந்து எங்கள் போனுக்குக் கூப்பிடுவார்கள்.

பெட்டிக்குப் புரோகிராம் எழுதினது எங்கள் மாப்பிள்ளை தயானந்தன், மகள் இந்துமதியின் வீட்டுக்காரர். பெட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறார். முதலில் சில பண்ணையில் மாட்டிப் பார்ப்போம் என்று பேச்சு வந்ததும், எங்க மாமா பண்ணை இருக்கிறது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். பெட்டிக்குச் ‘சின்ன மாப்ள’ என்று பேர் வைத்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

சின்ன மாப்ள சௌக்கியம். காப்பிகூடக் கேட்கவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

இன்றைக்குச் சின்ன மாப்ள மானத்தை வாங்கிவிட்டார். மத்தியான வெக்கைக்கு ஓடின ஃபேன்கள் பொழுது சாய்ந்து குளிர்ந்த பிறகும் நிற்கவில்லை. குஞ்சுகள் குளிரில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூலையில் குவிந்துகிடந்தன. இவர் தீவனம் கொட்டப் போனவர், கத்தலைக் கேட்டு ஓடி, பெட்டியில் ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் திருப்பிக் கையாலேயே ஃபேனை நிறுத்தினார். அடியில் சிக்கி நசுங்கினவை ஒரு கூடை.

பெட்டியைப் போய்ப் பார்த்தேன். விளக்கெல்லாம் எரிகிறது. ஆனால் பொத்தானை அமுக்கினால் அசையவில்லை. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற ஆளை இந்த வீட்டில் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நாளன்றைக்கு வருகிறாராம்.

மார்ச் 27, வியாழன்

மாப்பிள்ளை லேப்டாப்போடு வந்து, ஷெட்டு வாசலில் தீவன மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார். கட்டில் போடுகிறேன் என்றால் கேட்கவில்லை.

“டவர் போயிருக்குங் அத்தை. பெட்டி கோயமுத்தூருக்குச் சேதி சொல்லிட்டுப் பதிலுக்காக நின்னிருக்கு. பதில் வர்ற வரைக்கும் வேற வேலை பார்க்காது. நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.”

“ஃபேனைக்கூடவா மாப்ள?”

“ஃபேனைக்கூடத்தானுங்.”

“அப்ப உங்க மாமாவைப் பார்த்துத்தான் எழுதியிருக்கறீங். ரேசன் கடைக்கு எண்ணெய் வாங்க அனுப்பினா, லோடு வரலைன்னு சொல்ற கடை முன்னால பொழுது சாயற வரைக்கும் நிப்பாரு. வந்துட்டு அப்புறம் போலாமேன்னு தோணாது.”

இவர் கோழிக்கு மருந்து கலந்துகொண்டிருந்தவர், என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கலக்கினார். மாப்பிள்ளை சிரித்துவிட்டார்.

“இனிமே நிக்காதுங் அத்தை. சுத்திச் சுத்திக் கேட்கற மாதிரி மாத்தி எழுதறேன். ‘அங்கிருந்து ஏதாச்சும் வந்திருக்கா?’ வந்திருந்தா எடுத்துக்கும். இல்லைன்னா நிக்காம அடுத்த வேலைக்குப் போயிரும். ‘சேதி அனுப்ப இடம் இருக்கா?’ இருந்தா போடும். இல்லைன்னா கையிலயே வச்சுக்கிட்டு ஃபேனைப் பார்க்கப் போயிரும். மறுபடி ஒரு சுத்து வந்து கேட்கும்.”

“மாவு மில்லுக்கு நான் போறாப்பல. முன்னால எத்தனை டின்னு நிக்குதுன்னு பார்ப்பேன். இடம் இருந்தா என் டின்னை வச்சுட்டு, சந்தைக்குப் போயிட்டு வந்து அரைச்சாச்சான்னு கேட்பேன். ஆகலைன்னா பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒரு வேலை.”

“அதேதானுங். இதுக்குப் போலிங்னு பேரு.”

“நமக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வருமே, அதுங்களா?”

“அத்தை, நீங்க எங்க ஆபீஸ்க்கு வந்திருங்க” என்றார். நல்ல மனுசன். இந்துமதி கொடுத்துவைத்தவள் என்று இவரிடம் சொன்னேன். இவர் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு ஆடின மாதிரிதான் தெரிந்தது.

ஏப்ரல் 2, புதன்

ஒரு வாரமாகக் குறையே இல்லை. டவர் போகிறது, வருகிறது, ஃபேன் பாட்டுக்கு ஓடுகிறது. சேதி போனால் பெட்டியில் பச்சையாக ‘அனுப்பியாச்சு’ என்று தமிழிலேயே வருகிறது. அதைத் தமிழில் போட்டது எனக்காகத்தான் என்று மாப்பிள்ளை சொன்னார்.

அவர் போவதற்கு முன்னால் வெக்கை பார்க்கிற கம்பிக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர்ச் சொம்பைப் பிடிக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. ஒரு பெண் குரல், உங்கள் பண்ணையில் வெப்பம் ஆபத்தான அளவில் உள்ளது என்று. “சாப்பிட்டியா கண்ணு” என்று கேட்டேன். அவள் அதையே திரும்பச் சொன்னாள். இவரைவிடப் பரவாயில்லை.

இன்று கம்பெனி சூப்பர்வைசர் குமரேசன் வந்து சங்கைக் கழற்றிக்கொண்டு போனார். பழைய பெட்டியோடு இருந்த சங்கு, ஃபேன் நின்றால் ஊர் கேட்க ஊதும். “அது ஊதினாக் கோழி மிரண்டு நசுங்குதுக்கா. அதான் போன் வருதே” என்றார். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், “இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். குமரேசன் அதற்குள் இறங்கிவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

இந்துமதி புது வீட்டுக்குப் பதினாறாம் தேதி பால் காய்ச்சுகிறாள். நேற்று இரண்டு பேரும் வந்து தட்டு வைத்துக் கூப்பிட்டார்கள்.

கோழி இறக்கினவர்கள் இரண்டு பேரும் ஒன்றாக வெளியூர் போவதில்லை. எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். கல்யாணமென்றால் நான், எழவென்றால் இவர். இந்துமதியை மறுவீடு விடக்கூட நான் மட்டும்தான் போனேன்.

“நீ போய்ட்டு வா” என்றார் இவர்.

“மாமா, ஒரு பகல்தானுங். விடிய வந்துட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிரலாம். ஏதாச்சும்னா பெட்டி கூப்பிடும். கூப்பிட்டா உடனே கிட்டுசாமி மாமனுக்கு ஒரு போன் போடுங்க. அவரு ஓடி வந்துருவாரு” என்றார் மாப்பிள்ளை. கிட்டுசாமி அடுத்த வேலிக்காரர். அவரும் கோழிதான் வளர்க்கிறார்.

இவர் எழுந்து ஷெட்டுப் பக்கம் போனார். அவர்கள் போனபின் நான் சும்மா விடவில்லை. சோறு போடும்போதும் சொன்னேன், தண்ணி பாய்ச்சும்போதும் சொன்னேன். இன்று காலையில், “மகளுக்கு அப்பனா கோழிக்கு அப்பனா, ஒண்ணு சொல்லிருங்க, நான் இந்துகிட்டச் சொல்லிர்றேன்” என்றேன். கோழி தண்ணீர் குடிக்கிற நிப்பிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வேட்டி இருக்குதா” என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஜெனரேட்டரை ஓட்டிப் பார்த்தார். டீசல் ஊற்றினார். மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். கிட்டுசாமியிடம் சொல்லிவிட்டு வந்தார். பேட்டுக்குத் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். இவ்வளவு அலங்காரம் எனக்கு ஒரு நாளும் செய்ததில்லை என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

வீடு நன்றாக இருக்கிறது. வேறு எதுவும் இன்றைக்கு எழுதவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

நேற்று விடியக்கருக்கலில் பால் பொங்கியது. இவர் புது வேட்டியில் வாசல்படியில் நின்று எல்லாரையும் வாங்க வாங்க என்றார். சம்பந்தி வீட்டார் முன்னால் ஒரு முழு வாக்கியம் பேசினார், நானே கேட்டேன். போன் என் கையில்தான் இருந்தது. ‘அடிச்சுதா’ என்று கண்ணாலேயே கேட்பார். ‘கோழி உங்களைத் தேடலை’ என்பேன். பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

பஸ் இறங்கி மண் பாதையில் திரும்பினாலே ஃபேன் இரைச்சல் காதில் விழும். நேற்று விழவில்லை. இவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

மத்தியானம் கரண்டு போயிருக்கிறது. ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிக் கொஞ்சம் ஓடி நின்றுவிட்டது. டீசல் குழாயில் காற்று அடைத்துக்கொண்டது. ஆள் இருந்தால் மூடியைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து மறுபடி கிளப்பிவிடலாம். மூடின ஷெட்டில் ஃபேன் நின்றுபோனால், சித்திரை வெக்கையில், ஒரு மாசக் கோழி அரை மணி நேரம் தாங்காது.

கதவைத் திறந்ததும் அடித்த சூட்டைச் சொல்லத் தெரியவில்லை. கால் வைக்க இடமில்லை. எல்லாம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. பேட் ஓரமாகக் கொஞ்சம் உயிரோடு இருந்தது. இரண்டு பேரும் அவற்றை வெளியே தூக்கிப் போட்டுத் தண்ணீர் தெளித்தோம். இவர் புது வேட்டியோடுதான் தூக்கினார்.

பெட்டி பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. ‘ஆபத்து’ என்று சிவப்பாக ஒரு வரி. பக்கத்திலேயே பச்சையாக, அனுப்பியாச்சு.

என் போனில் ஒன்றும் வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவரும் வாங்கிப் பார்த்தார். இவருக்குப் போனில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது.

கிட்டுசாமி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “எனக்கு ஒரு போன் போட்டிருந்தா வேலி தாண்டி வந்திருப்பனே அக்கா. என்ற ஜெனரேட்டர் ஓடற சத்தத்துல இங்க நின்னதே காதுல விழலையே.” அவர் பேரில் என்ன தப்பு.

இன்று ஜேசிபி வைத்துக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினோம். குமரேசன் போட்டோ எடுத்தார். “ரெண்டு பேருமேயா போனீங்க?” என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “பெட்டிக் கோளாறுன்னு ஆச்சுன்னா அடுத்த மாசமே குஞ்சு இறக்கிருவாங்கக்கா. வளர்க்கறவங்க அசட்டைன்னு எழுதிட்டா, நம்ம கம்பெனி மட்டுமில்ல, எந்தக் கம்பெனியும் அண்ணனுக்கு ஒரு குஞ்சு தராது. பேரு எல்லாத்துக்கும் போயிரும்” என்றார்.

இவர் பேருக்கு இதுவரைக்கும் ஒரு பேட்ச் கெட்டதில்லை. ராத்திரி எழுந்து மூத்திரத்துக்குப் போகிற சாக்கில் ஷெட்டைப் பார்க்கிற ஆள். அசட்டை என்று யார் எழுதுவார்கள். எழுதினால் நம்புவார்களா.

ஏப்ரல் 19, சனி

மாப்பிள்ளை வந்தார். தண்ணீர்கூட வாங்கவில்லை. பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் ஒயர் போட்டு வெகு நேரம் பார்த்தார். ஷெட்டு காலியாக இருந்தது, பேசினால் எதிரொலிக்கிறது.

“என்னங் மாப்ள, சின்ன மாப்ள என்ன சொல்றாரு?” என்றேன். சிரிக்க வைக்கலாமென்றுதான்.

“கரண்டு போனதும் பெட்டி சரியாத்தான் பார்த்திருக்குங் அத்தை. ஆபத்துன்னு சேதி எழுதிருச்சு. அனுப்ப இடம் இருக்கான்னு கேட்டிருக்கு. இருக்குன்னு பதில் வந்திருக்கு. போட்டிருச்சு. பச்சையும் காட்டிருச்சு.”

“அப்புறம் ஏன் போன் வரலை?”

“இடம் இருக்குன்னு சொன்னது கோயமுத்தூர் இல்லீங். வெளிய போற சேதி வரிசையா நிக்கறதுக்குப் பெட்டிக்குள்ளயே கொஞ்சம் இடம் உண்டு. அதுல இடம் இருக்குன்னு சொல்லியிருக்கு. பெட்டி பேசற டவருக்கும் அதே கரண்டுதான். அதுவும் அப்பவே போயிருச்சு. சேதி பெட்டியை விட்டு வெளியவே போகலை.”

“அங்க போய்ச் சேர்ந்துச்சான்னு அது கேட்காதுங்களா?”

“ஏதாச்சும் வந்திருக்கா, ஏதாச்சும் வந்திருக்கான்னு அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு. ஒண்ணும் வரலை. வரலைன்னா அங்க சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கும். லைனே அத்துப்போயிருந்தாலும் அதுக்கு அப்படித்தான் தெரியும்.” லேப்டாப்பை மூடினார். “அங்கிருந்து ‘கிடைச்சுது’ன்னு ஒரு வார்த்தை வந்த பின்னாடிதான் பச்சை காட்டணும்னு நான் எழுதியிருக்கணுமுங். எழுதலை. வேகமா முடிக்கச் சொன்னாங்க.”

கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு மகன் இல்லை. முதுகைத் தடவிவிட்டேன்.

“விசாரணைக்கு வர்றவங்ககிட்ட இதையே இப்படியே சொல்லிருங் மாப்ள. எனக்கே புரியுது. அவங்களுக்குப் புரியாமப் போகுமா.”

“சொல்றனுங் அத்தை” என்றார். பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். இவரிடம் போய், உங்கள் பேருக்கு ஒன்றும் வராது என்று சொன்னேன். அன்றைக்கு அப்புறம் இன்றைக்குத்தான் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

இந்துமதி பேசினாள். என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். காதில் வைத்துக் கேட்க எனக்குப் பழக்கமில்லை.

“அம்மா, இவரு தலைக்குமேல கத்தி தொங்குது. இந்தப் பெட்டியை எல்லாப் பண்ணைக்கும் மாட்டறதுக்குக் கோழிக் கம்பெனி கையெழுத்துப் போடற நேரம். பெட்டில கோளாறுன்னு ஆச்சுன்னா அந்த ஆர்டர் போயிரும். அப்புறம் இவரை வச்சிருப்பாங்களா? வீடு குடிவந்து ஒரு வாரம் ஆகலைம்மா.”

“செரி கண்ணு. அதுக்கு?”

“அப்பா கிளம்பறப்ப பெட்டியை மேனுவல்ல திருப்பி வச்சுட்டு வந்துட்டேன்னு சொன்னாப் போதும். மேனுவல்ல இருந்தா அது கூப்பிடாது. அப்ப யாரு மேலயும் தப்பு வராது.”

“யாரு மேலயும்னா, உங்கப்பன் அதுல சேர்த்தி இல்லையா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் அழுதாள். சின்னதில் அழுத மாதிரியே மூக்கை உறிஞ்சி உறிஞ்சி. “அப்பாவுக்கு என்னம்மா, இன்னொரு கம்பெனி பார்த்துக்கலாம். இவருக்கு இனி யாரு குடுப்பா?” என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இவர் வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். “யாரு?” என்றார். “ராங் நம்பர்” என்றேன். சரி என்று அடுத்த ஆணியை எடுத்தார்.

ஏப்ரல் 23, புதன்

வாசலில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்தார்கள். கோழிக் கம்பெனி மேனேஜர், குமரேசன், பெட்டிக் கம்பெனி முதலாளி, மாப்பிள்ளை. இவருக்குச் சேர் பற்றவில்லை, கல் மேல் உட்கார்ந்தார். நான் மோர் கொடுத்துவிட்டுத் தூணோரம் நின்றேன்.

மேனேஜர் மாப்பிள்ளையிடம்தான் முதலில் கேட்டார். “பெட்டில என்ன ப்ராப்ளம்?”

மாப்பிள்ளை முதலாளியைப் பார்த்தார். “செக் பண்ணிட்டிருக்கோம் சார்.”

சொல்வார் என்று பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்தார், மூடினார். மோரைக் குடித்தார். சொல்லவில்லை.

“மாப்ள, அன்னிக்கு எங்கிட்டச் சொன்னீங்களே, சேதி வெளிய போகவே இல்லைன்னு” என்றேன்.

தலை நிமிரவில்லை. டம்ளர் காலியாகிவிட்டதா என்று பார்க்கிறவர் மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்கு டெக்னிகலா ஏதோ தப்பாப் புரிஞ்சிருக்கு” என்றார் முதலாளி. நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

“மாப்ள” என்றேன் இன்னொரு தடவை.

“நான்தானுங் மேனுவல்ல போட்டேன்.”

இவர்தான். கல்லில் உட்கார்ந்தபடியே, யாரையும் பார்க்காமல்.

மேனேஜர் திரும்பினார். “எப்ப போட்டீங்க?”

“கிளம்பறப்ப.”

“ஏங்க போட்டீங்க? மேனுவல்ல போட்டா போன் வராதுன்னு சொல்லிக் குடுத்தாங்கல்ல?”

“புதுப் பெட்டிங். பழகலை.”

“செரி, ரெண்டு பேருமே எதுக்குக் கிளம்பினீங்க? அது கூடாதுன்னு தெரியாதா?”

“இவ வரலைன்னுதான் சொன்னா. நான்தான் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனேன்.”

கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒரே சமயத்தில் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. அத்தனையையும் குமரேசன் எழுதிக்கொண்டார். காட்டின இடத்தில் இவர் கையெழுத்துப் போட்டார். மெதுவாகத்தான் போடுவார், எல்லாரும் காத்திருந்தார்கள்.

கார் ஏறப்போகும்போது மாப்பிள்ளை இவரிடம் வந்து, “மாமா” என்றார். இவர் டம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

இவரிடம் பேசவில்லை. இவரும் பேசவில்லை. இவருக்கு அது வழக்கம், எனக்குத்தான் புதிது.

மே 8, வியாழன்

குமரேசன் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். எங்களுக்கு இனிமேல் குஞ்சு இல்லையாம். நானே வேறு இரண்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். பேரும் ஊரும் கேட்டார்கள். திரும்பக் கூப்பிடுகிறோம் என்றார்கள்.

ஷெட்டில் சிலந்தி கூடு கட்டுகிறது. அதற்கு மட்டும் கம்பெனி வேண்டாம்போல.

மே 25, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாம்பழம் ஒரு பெட்டி, இவருக்கு ஒரு சட்டை. மாப்பிள்ளைக்கு ஆபீசில் பதவி உயர்ந்திருக்கிறது. இலை போட்டேன். கோழிக் குழம்பு வைக்கவில்லை, பருப்பும் நெய்யும்.

“இப்ப மாத்தியாச்சுங் அத்தை” என்றார் மாப்பிள்ளை. “சேதி போட்டுட்டு, அங்கிருந்து ‘கிடைச்சுது’ன்னு பதில் வந்தாத்தான் பச்சை காட்டும். வரலைன்னா மறுபடி அனுப்பும். அப்படியும் வரலைன்னா ஷெட்டுலயே சங்கு ஊதும். எல்லாப் பண்ணைக்கும் மாட்டப்போறாங்க. இனி ஒரு ஷெட்டும் அப்படிப் போகாது.”

அதைச் சொல்லும்போது முகம் பிரகாசமாக இருந்தது. பொய்யில்லாத பிரகாசம். நல்ல மனுசன் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

“இன்னும் கொஞ்சம் நெய் ஊத்தட்டுங்களா மாப்ள? எங்க வீட்டுக் கோழியெல்லாம் சேர்ந்துதான் உங்களுக்குப் புரமோசன் வாங்கிக் குடுத்திருக்குது” என்றேன்.

எல்லாரும் சிரிப்பார்கள் என்று சொன்னது. இந்துமதி எழுந்து கை கழுவப் போனாள்.

அடுக்களைக்கு வந்து, “அப்பா ஏம்மா அவருகிட்டப் பேசவே மாட்டேங்கறாரு? அவருக்குச் சங்கடமா இருக்குது” என்றாள்.

“எங்கிட்டயே இன்னும் பேசி முடிக்கலை. உன்ற புருசனை வரிசைல நிக்கச் சொல்லு.”

இவர் அந்தச் சட்டையைக் கவரோடு பீரோவில் வைத்தார்.

ஜூன் 12, வியாழன்

கிட்டுசாமிக்குக் குஞ்சு இறங்கியிருக்கிறது. புதுப் பெட்டியும் மாட்டியிருக்கிறார்கள். ஷெட்டு வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு இவரே போய்க் கேட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. இன்று காலையில் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டினபோதுதான் தெரிந்தது.

மத்தியானம் சோறு கொண்டுபோனேன். கிட்டுசாமி சம்சாரம் ருக்குமணி வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நல்லவள். சுற்றிச் சுற்றி மழை பற்றியெல்லாம் பேசினாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க” என்றாள் கடைசியில். “அண்ணன் ஷெட்டுக்குள்ள எந்த வேலை வேணும்னாலும் பார்க்கட்டும். அவரளவுக்குக் கோழி தெரிஞ்ச ஆளு யாரு? அந்தப் பெட்டிக்கிட்ட மட்டும் போக வேண்டாம்னு இவரு சொல்லச் சொன்னாரு. இவருக்கு அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வரலை. நீங்க சொல்லிட்டா அவருக்கு வருத்தமா இருக்காது.”

“அதுக்கென்ன, சொல்லிர்றேன்” என்றேன்.

இவர் ஷெட்டுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டுத் தரையில் பரப்புகிற நார்த்தூள் தலையெல்லாம். சோற்றைப் போட்டேன், ரசம் ஊற்றினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வரும் வழியிலேயே ஒரு கேலி யோசித்துவைத்திருந்தேன். வாயில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். வேண்டாம் என்கிற மாதிரி கையால் இலையை மறைத்தார்.

“ஏனுங்க” என்றேன்.

“பெட்டிதானே?” என்றார். கேட்டுவிட்டு, சோறு ஒட்டின வலது கையையும் சுத்தமான இடது கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டினார். “பாரு. தொடலை.”

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருசத்தில் இவர் செய்த முதல் கேலி இதுவாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டுக் கையை மடக்கி மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.